தீவை ஒன்றாக்கிய டூசேன்

கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்ற ஒரு தீவில் இரண்டு தேசங்கள் இருக்கின்றன. மேற்கே மூன்றில் ஒரு பாகம் ஹெயிட்டி. கிழக்கே மற்ற இரண்டு பாகம் டொமினிகன் குடியரசு. ஜனத்தொகை இரண்டிலும் ஏறக்குறைய சமம். ஒவ்வொன்றிலும் ஒரு கோடிக்குச் சற்று மேற்பட்டவர்கள். ஒரே கடல் இரண்டையும் சூழ்ந்திருக்கிறது. ஒரே புயற்காற்று இரண்டின்மேலும் வீசுகிறது. ஆயினும் தலைக்குச் சராசரி வருமானம் கிழக்கே மேற்கைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேல். கிழக்கே பிறக்கும் குழந்தை, மேற்கே பிறக்கும் குழந்தையைவிடச் சுமார் பத்து வருஷம் அதிகமாக ஜீவித்திருக்கும் என்று கணக்கெடுப்பவர்கள் சொல்கிறார்கள். மேற்கிலிருந்து வரும் ஏழைகளைத் தடுப்பதற்காக 2022-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் டொமினிகன் சர்க்கார் எல்லையிலே சுவர் எழுப்பத் தொடங்கினார்கள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சொல்லப் புகுகிறவர்கள் பெரும்பாலும் இலேசான வழியையே பிடிக்கிறார்கள். ஹெயிட்டியர் கறுப்பர்கள், ஆகையால் தம்மைத் தாமே ஆள அறியாதவர்கள் என்பது பழைய வாதம். இக்காலத்தில் அதை அப்படியே சொல்ல வெட்கப்பட்டு, மதம் என்றும் பழக்கவழக்கம் என்றும் சோம்பல் என்றும் வேறு பெயர் சூட்டிச் சொல்கிறார்கள். அந்நிய ஆட்சியில் கிடந்த எந்த ஜனங்களுக்கும் இந்த வாதம் புதிதல்ல. நாமும் ஒரு காலத்தில் கேட்டுச் சலித்ததுதான். அந்தத் தீவில் இப்போது சுவர் எழும்பும் எல்லைக்கோட்டை 1801-ம் வருஷத்தில் ஒரு மனிதர் அழித்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர்; பிறப்பிலே அடிமை; குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவர். டூசேன் லூவர்த்தூர் என்ற அவருடைய வாழ்க்கையையும், அவருக்குப் பின் அந்தக் கோடு மறுபடி விழுந்த விதத்தையும் அறிந்தவர்கள், ஹெயிட்டியின் வறுமைக்கு ஜாதியின் ரத்தத்திலே காரணம் தேட மாட்டார்கள்.

கொலம்பஸ் 1492-ல் கரையிறங்கிய பிறகு தீவு முழுவதும் ஸ்பெயினுக்குச் சொந்தமாயிருந்தது. தங்கம் தீர்ந்ததும் ஸ்பானியர் மெக்ஸிகோவுக்கும் பெருவுக்கும் போய்விட்டார்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த மேற்குக் கரையில் பிரஞ்சுக்காரர் குடியேறினார்கள். 1697-ல் ரிஸ்விக் உடன்படிக்கையின்மூலம் அப்பகுதி பிரான்சுக்குச் சேர்ந்தது. அன்று முதல் இரண்டு பகுதிகளும் இரண்டு வழியில் போயின. ஸ்பானியப் பகுதியில் மாட்டு மந்தைகளும், புகையிலைக் கொல்லைகளும், தூங்கி வழியும் பட்டணங்களும் இருந்தன. ஜனங்கள் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம், அவர்களிலே அடிமைகள் சிறுபான்மையோர். பிரஞ்சுப் பகுதியோ ஒரு பெரிய சர்க்கரை ஆலையாயிற்று. 1789-ல் அங்கே வெள்ளைக்காரர் சுமார் முப்பதினாயிரம் பேர். அடிமைகள் ஏறக்குறைய ஐந்து லட்சம். ஐரோப்பாவில் செலவான சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கும், காப்பியில் பாதிக்கு மேலும் அந்தச் சிறிய பூமியிலிருந்தே போயின. உலகத்தில் அதற்கு நிகரான செல்வமுள்ள குடியேற்ற நாடு வேறில்லை என்று அக்காலத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்தச் செல்வம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் பிள்ளை பெற்றுப் பெருகவில்லை, செத்துக் குறைந்தார்கள். ஓர் அடிமையைச் சீராட்டி வளர்ப்பதைவிடச் சில வருஷங்களில் பிழிந்தெடுத்துவிட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக ஒருவனை விலைக்கு வாங்குவது தோட்டத்துரைகளுக்கு லாபமாயிருந்தது. ஆகவே புரட்சி எழுந்த காலத்தில் அங்கிருந்த அடிமைகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். காடுகளை வெட்டித் தோட்டமாக்கினார்கள். மலைச்சரிவுகளை உழுது காப்பி நட்டார்கள். லாபமெல்லாம் போர்தோ, நாந்த் என்ற பிரஞ்சுத் துறைமுகங்களுக்குக் கப்பலேறிற்று. செல்வம் மிகுந்த பூமி என்றால் அங்கே வாழ்ந்த ஜனங்கள் செல்வமுள்ளவர்கள் என்று அர்த்தமல்ல. பொருளாதாரப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போதெல்லாம் நம் அன்பர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

டூசேன் 1743-ம் வருஷத்தையொட்டி, வடபகுதியில் காப் நகரத்துக்கு அருகேயுள்ள பிரேடா தோட்டத்தில் பிறந்தார். தகப்பனார் ஆப்பிரிக்காவில் அலாடா என்ற ராஜ்யத்தைச் சேர்ந்தவர். அங்கே உயர்குடியில் பிறந்தவர் என்பது குடும்பத்தில் வழங்கிய வரலாறு. பிள்ளைப் பிராயத்தில் டூசேன் மெலிந்து நோய்வாய்ப்பட்டிருந்ததால் கரும்பு வெட்ட அனுப்பாமல் ஆடுமாடு மேய்க்க விட்டார்கள். பின்பு குதிரைகளைப் பழக்குவதிலும், அவற்றுக்கு வைத்தியம் செய்வதிலும் பேரெடுத்து, தோட்டத்து மானேஜரான பயோன் த லிபெர்த்தா என்பவருக்கு வண்டிக்காரரானார். பச்சிலை வைத்தியம் தெரியும். எழுத்தறிவு கொஞ்சம் உண்டு. கத்தோலிக்க மதத்தில் ஆழ்ந்த பக்தி. உருவத்தில் குட்டையானவர், குதிரைமேல் ஏறிவிட்டாலோ அந்தத் தீவிலே அவருக்கு இணையில்லை.

1776-க்குள் அவர் விடுதலை பெற்றுவிட்டார் என்று பழைய தஸ்தாவேஜுகள் காட்டுகின்றன. அவற்றில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. விடுதலையடைந்த சில வருஷங்களுக்குப் பின் அவர் ஒரு சிறிய காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அதில் வேலை செய்தவர்கள் சுமார் ஒரு டஜன் அடிமைகள். மகாபுருஷர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இத்தகைய விஷயங்களை மறைத்துவிடுவது வழக்கம். நாம் மறைக்கவில்லை. அவர் ஆகாயத்திலிருந்து குதித்தவரல்ல; அந்தச் சமூகத்தின் உப்பைத் தின்று வளர்ந்தவர். பிற்காலத்தில் அவர் செய்த பெரிய பிழையின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

1791-ம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி இரவு வடபகுதியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். சில வாரங்களில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சாம்பலாயின. டூசேன் அவசரப்படவில்லை. தம்மை ஆதரித்த மானேஜரின் குடும்பத்தைப் பத்திரமாக ஊர் சேர்த்தார். தம் மனைவி மக்களை ஸ்பானிய எல்லைப் பக்கம் அனுப்பினார். அதன் பிறகே கலகக்காரர் பாசறைக்குச் சென்று வைத்தியராக அமர்ந்தார். விரைவில் யோசனை சொல்பவரானார், பிறகு படைத்தலைவரானார். அவ்வருஷக் கடைசியில் கலகத் தலைவர்கள் சமாதானம் பேசியபோது, தலைவர்கள் சிலருக்கு மாத்திரம் விடுதலை கொடுத்தால் மற்றவர்களைத் திரும்பத் தோட்டங்களுக்கு ஓட்டிவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் டூசேனுக்கும் பங்குண்டு. தோட்டத்துரைகளின் சபை ஆணவத்தினால் அதையும் தள்ளிவிட்டது. அற்ப விலைக்குக் கிடைத்த சமாதானத்தை வேண்டாமென்ற துரைகள், பிறகு சொத்து முழுவதையும் இழந்தார்கள்.

1793-ல் ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சோடு யுத்தம் மூண்டது. கிழக்கேயிருந்த ஸ்பானியர் கலகக்காரருக்குத் துப்பாக்கியும் பதவியும் கொடுத்துத் தம் பக்கம் இழுத்தார்கள். டூசேன் ஸ்பானியக் கொடியின் கீழ் நாலாயிரம் பேர்கொண்ட கட்டுப்பாடான படை ஒன்றைச் சமைத்தார். ஐரோப்பிய யுத்தமுறையை, முன்பு பிரஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டார். லூவர்த்தூர், அதாவது வழி திறப்பவர் என்ற பெயரை அப்போது சூடிக்கொண்டார். அவருடைய மகா சாமர்த்தியம் எவரிடம் எப்போது சேருவது, எப்போது விலகுவது என்று அறிந்ததில்தான். 1794 பிப்ரவரி 4-ந் தேதி பாரிஸில் கூடிய பிரஞ்சு மகாசபை அடிமைத்தனத்தை ஒழித்துச் சட்டம் செய்தது. ஸ்பானியரோ தங்கள் அடிமைகளை விடவில்லை. அந்த மே மாதத்திலேயே டூசேன் படையோடு பிரஞ்சுப் பக்கம் வந்து சேர்ந்தார். இதைத் துரோகம் என்று எழுதியவர்கள் உண்டு. வாக்குறுதியை நம்பாமல், சட்டப் புஸ்தகத்தில் ஏறிய உரிமையை நம்பினார் என்பதே நம்முடைய தீர்ப்பு.

பிறகு நடந்த யுத்தங்களை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 1795-ல் ஸ்பெயின் பேஸல் உடன்படிக்கையால் தீவின் கிழக்குப் பகுதியைக் காகிதத்தில் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. ஐந்து வருஷம் போரிட்டுப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களை மஞ்சள் ஜுரத்துக்கும் துப்பாக்கிக்கும் பறிகொடுத்த ஆங்கிலேயர் 1798-ல் வெளியேறினார்கள். தெற்கே கலப்பினத்தாரின் தலைவரான ரிகோ 1800-ல் தோல்வியுற்றுக் கப்பலேறினார். பாரிஸிலிருந்து வந்த அதிகாரிகளையும் டூசேன் ஒருவர்பின் ஒருவராக மரியாதையோடு திருப்பி அனுப்பிவிட்டார். பிரான்சும் இங்கிலாந்தும் யுத்தத்திலிருந்த காலத்திலேயே, பிரஞ்சு ஜெனரலாகிய இவர் இங்கிலாந்தோடும் அமெரிக்காவோடும் வியாபார உடன்படிக்கை செய்துகொண்டார் என்றால், இவருடைய ராஜதந்திரத்துக்கு வேறு சாட்சி எதற்கு?

1801-ம் வருஷம் ஜனவரி மாதம் அவருடைய படைகள் எல்லையைத் தாண்டின. ஸ்பானியக் கவர்னர் பட்டணத்தின் சாவிகளை ஒப்படைத்தார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டத்து அடிமை வியாபாரம் தொடங்கிய ஸான்டோ டொமிங்கோ நகரத்திற்குள், அடிமையாய்ப் பிறந்த ஒருவர் அதிபதியாகப் பிரவேசித்தார். அவ்வருஷம் ஜூலையில் அவர் வெளியிட்ட அரசியல் சட்டம் தீவு முழுவதற்கும் பொது. அடிமைத்தனம் என்றென்றைக்கும் ஒழிந்தது. உத்தியோகங்களில் நிற வேற்றுமை கிடையாது. சட்டத்தின் முன் யாவரும் சமம். கிழக்குப் பகுதியிலும் சர்க்கரை, காப்பி, பருத்தி பயிரிடும்படி உத்தரவிட்டார், சாலைகளைச் செப்பனிட்டார், துறைமுகங்களை வெளி வியாபாரத்துக்குத் திறந்தார். ஒரே சட்டம், ஒரே கொடி, நடுவே சுவரில்லை.

அந்தக் கட்டடம் ஏன் ஒரு வருஷத்துக்குமேல் நிற்கவில்லை? நெப்போலியனுடைய பீரங்கிகளால் என்பது பாதிப் பதில். மற்றப் பாதி டூசேனிடமே இருந்தது.

அவர் முன்னிருந்த பிரச்னை எளிதானதல்ல. பட்டாளம் வேண்டும், பட்டாளத்துக்குத் துப்பாக்கி வேண்டும், துப்பாக்கி வாங்கச் சர்க்கரையும் காப்பியும் கப்பலேற வேண்டும். விடுதலை பெற்ற ஜனங்களோ கரும்புத் தோட்டத்தைக் கண்ணெடுத்துப் பார்க்க விரும்பவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு நிலம், அதில் மரவள்ளியும் வாழையும் என்பதே அவர்கள் அறிந்த சுதந்திரம். 1800 அக்டோபரில் டூசேன் ஓர் ஆக்ஞை பிறப்பித்தார். உழைப்பாளிகள் தங்கள் பழைய தோட்டங்களை விட்டு நீங்கக்கூடாது. நீங்கினால் பட்டாளத்தை விட்டு ஓடின சிப்பாய்க்குரிய தண்டனை. விளைவில் நாலில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. சவுக்கு ஒழிந்தது; ஆனால் அவருடைய தளபதி தெஸாலீனின் ஆட்கள் தடியோடு மேற்பார்வைக்கு வந்தார்கள். 1801 பிப்ரவரியில், ஐம்பது காரோவுக்குக் குறைந்த நிலத்தை உத்தரவின்றி விற்கலாகாதென்று இன்னொரு கட்டளை. ஒரு காரோ என்பது ஏறக்குறைய மூன்று ஏக்கர். ஏழைக் குடியானவன் நிலம் வாங்கும் வழி அத்துடன் அடைபட்டது. ஓடிப்போன வெள்ளைத் துரைகளையும் அழைத்துவந்து தோட்டங்களை ஒப்படைத்தார். காப்பி ஏற்றுமதி பழைய அளவில் பாதிக்கு மேல் ஏறிற்று என்பது உண்மையே, சர்க்கரை எழும்பவேயில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வடபகுதி உழைப்பாளிகள் இந்த முறையை எதிர்த்து எழுந்தார்கள். அவர்கள் கூவியழைத்த பெயர் டூசேனின் சுவீகார மருமகனான ஜெனரல் மொயீஸுடையது. டூசேன் தம் மருமகனையே சுட்டுக்கொல்லும்படி உத்தரவிட்டார்.

கிழக்கே உள்ளவர்களுக்கும் மனக்குறை இருந்தது. மாடு மேய்த்து மெள்ள வாழ்ந்த ஜனங்களுக்குச் சிப்பாய் ஆட்சியும் தோட்டக் கட்டுப்பாடும் கசந்தன. பணக்காரர்கள் கியூபாவுக்கும் வெனிஸுவேலாவுக்கும் அடிமைகளோடு கப்பலேறினார்கள். மிஞ்சியவர்கள் மேற்கிலிருந்து வந்த விடுதலையை அந்நிய ஆட்சியென்றே கண்டார்கள். ஜனங்கள் கேளாத ஐக்கியத்தை மேலிருந்து சுமத்தினால் அது எத்தனை நன்மையானதாயினும் ஒட்டுவதில்லை.

1802 பிப்ரவரியில் நெப்போலியனுடைய மைத்துனர் லெக்ளேர், இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களோடு வந்திறங்கினார். பாரிஸில் படித்துக்கொண்டிருந்த டூசேனின் பிள்ளைகள் இருவரையும் உபாத்தியாயரோடு கூட அழைத்துவந்து, தகப்பனிடம் தூதனுப்பினார்கள். பணிந்தால் பிள்ளைகளும் பதவியும் என்பது பேரம். டூசேன் பிள்ளைகளையே தீர்மானிக்கும்படி விட்டார். அவருக்குப் பிறந்த ஐஸாக் பிரான்சின் பக்கம் போனான். மனைவியின் முந்தைய மகனான பிளாஸீத் தகப்பனோடு நின்றான். தளபதி கிறிஸ்தோப் காப் நகரத்தைத் தானே கொளுத்திவிட்டு மலைக்கு ஏறினார். கிரேத்-தா-பியரோ கோட்டையில் சிறு படையொன்று மார்ச்சு மாதத்தில் பல நாள் எதிர்த்து நின்று பிரஞ்சுக்காரரைத் திகைக்கச் செய்தது. ஆனால் கிழக்குப் பகுதி தந்திரத்தால் முதலிலேயே வீழ்ந்தது. டூசேனின் சகோதரர் பால் அங்கே சரணடைந்தார். மேற்கிலும் தளபதிகள் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். தோட்டங்களில் அடைபட்டுக் கிடந்த உழைப்பாளிகள், யாருக்காகச் சண்டை போடுவது என்று தெரியாமல் நின்றார்கள். மே மாதத்தில் டூசேன் சமாதானம் செய்துகொண்டு என்னெரி என்ற ஊரில் தம் நிலத்துக்குத் திரும்பினார். மழைக்காலமும் மஞ்சள் ஜுரமும் வருவதை அவர் எண்ணிக் காத்திருந்தாரென்று சொல்வார்கள். இருக்கலாம்.

ஜூன் 7-ந் தேதி பிரஞ்சு ஜெனரல் ஒருவர் கலந்து பேச அழைத்தார். போன இடத்தில் கட்டிக் கப்பலேற்றினார்கள். விசாரணையில்லை, குற்றப்பத்திரிகையில்லை, தீர்ப்பில்லை. ஜூரா மலையில், பனி உறையும் ஜூ கோட்டையில் ஒரு கல்லறைக்கு ஒப்பான அறை. அடுப்புக்கு அளந்து கொடுத்த விறகு. வெயிலில் பிறந்து வளர்ந்த கிழவர் அங்கிருந்து நெப்போலியனுக்கு மனுவுக்குமேல் மனு எழுதினார். தம்மை நீதிமன்றத்தில் நிறுத்தும்படி மாத்திரம் வேண்டினார். பதில் வரவில்லை, பிறகு காகிதமும் மையும்கூடப் பறிக்கப்பட்டன. 1803 ஏப்ரல் 7-ந் தேதி, கணப்பருகே நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்து கிடக்கக் கண்டார்கள்.

அதற்குள் தீவில் காரியம் தலைகீழாகிவிட்டது. குவாதலூப் தீவில் பிரஞ்சுக்காரர் அடிமைத்தனத்தை மீண்டும் ஸ்தாபித்தனர் என்ற செய்தி வந்ததும், தோட்டங்களில் தயங்கி நின்ற ஜனங்கள் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் எழுந்தார்கள். லெக்ளேர் ஜுரத்தில் மாண்டார். தெஸாலீன் தலைமையில் கறுப்பரும் கலப்பினத்தாரும் ஒன்றுகூடி 1803 நவம்பரில் கடைசிப் போரை வென்றார்கள். 1804 ஜனவரி 1-ந் தேதி ஹெயிட்டி சுதந்திர தேசமாயிற்று. அடிமைகள் தாமே புரட்சி செய்து நாட்டைப் பெற்ற உதாரணம் சரித்திரத்தில் வேறில்லை. அதற்குப் பின் தெஸாலீன் எஞ்சியிருந்த பிரஞ்சுக்காரரைப் பெண்டு பிள்ளைகளோடு கொல்வித்ததும் உண்மை. டூசேன் இருந்திருந்தால் அதற்கு இடங்கொடுத்திருக்க மாட்டாரென்றே நினைக்கிறோம்.

கிழக்குப் பகுதி மாத்திரம் பிரஞ்சுக்காரர் கையில் நின்றது. அங்கே அடிமைத்தனம் திரும்பிற்று. 1805 ஜனவரியில் அங்கிருந்த பிரஞ்சுக் கவர்னர், எல்லையைத் தாண்டிச் சென்று கறுப்புக் குழந்தைகளைப் பிடித்துவந்து அடிமைகளாக விற்கலாமென்று உத்தரவு கொடுத்தார். தெஸாலீன் படையெடுத்தார், திரும்பும் வழியில் அவருடைய சேனை ஸ்பானியர் வாழ்ந்த ஊர்களைக் கொளுத்தி, மக்களையும் வெட்டிற்று. டூசேன் அழித்த கோடு இரண்டு பக்கத்து ரத்தத்தாலும் மறுபடி எழுதப்பட்டது.

அந்தக் கோட்டை இன்னொரு முறையும் அழித்துப் பார்த்தார்கள். 1822-ல் ஹெயிட்டி அதிபர் போயே கிழக்கே பிரவேசித்து அங்கே அடிமைத்தனத்தை முற்றும் ஒழித்தார். தீவு இருபத்திரண்டு வருஷம் ஒன்றாயிருந்தது. இந்தச் சமயத்தில்தான் கணக்குப் புஸ்தகம் வந்தது. 1825-ல் பிரஞ்சு அரசர் பத்தாம் சார்லஸ் பதினான்கு யுத்தக் கப்பல்களை அனுப்பினார். சுதந்திரத்தை அங்கீகரிக்க வேண்டுமானால் பழைய தோட்டத்துரைகளுக்கு நஷ்ட ஈடாகப் பதினைந்து கோடி பிராங்கு கொடுக்க வேண்டும்; பிரஞ்சுக் கப்பல்களுக்குச் சுங்கத்திலும் பாதி தள்ளவேண்டும். போயே கையெழுத்திட்டார்.

இருபது வருஷத்துக்கு மேலாக வக்கீல் தொழில் செய்த நமக்கு, நஷ்ட ஈடு என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியும். தீங்கு செய்தவன் தீங்குற்றவனுக்குக் கொடுப்பது அது. இங்கே வாதி, பிரதிவாதி ஸ்தானங்கள் மாறிவிட்டன. திருடப்பட்டவன், தன்னைத் தானே மீட்டுக்கொண்டதற்காகத் திருடனுக்கு டிக்ரிப் பணம் கட்டினான். நஷ்ட ஈட்டுக் கணக்கில் நிலமும் கட்டடமும் மாத்திரமல்ல, விடுதலைபெற்ற மனிதர்களின் விலையும் சேர்ந்திருந்தது. டிக்ரியை நிறைவேற்றின அமீனா பீரங்கிக் கப்பல்.

முதல் தவணை மூன்று கோடி பிராங்கு. கையில் பணமில்லாததால் பாரிஸ் லேவாதேவிக்காரரிடமே கடன் வாங்கினார்கள். எழுதிக்கொடுத்தது மூன்று கோடி, கைக்கு வந்தது இரண்டு கோடி நாற்பது லட்சம். நம்மூர் மார்வாடிக் கடையில் முன்வட்டி பிடிப்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். 1838-ல் மொத்தத் தொகையை ஒன்பது கோடியாகக் குறைத்தார்கள். அதையும் அதற்காக வாங்கின கடன்களையும், கடனை அடைக்க வாங்கின கடன்களையும் தீர்த்து முடிக்க 1947 ஆயிற்று. காப்பி ஏற்றுமதிமேல் விதித்த சுங்கந்தான் பெரும்பாலும் அதற்கு வழி. அதாவது மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருந்த குடியானவன் கட்டினான். பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆகவேண்டிய பணம் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிற்று. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை பழைய கணக்குகளைத் தேடியெடுத்துக் கூட்டிப் பார்த்து, கட்டின தொகை இக்கால மதிப்பில் ஐம்பத்தாறு கோடி டாலர் என்று வெளியிட்டது.

இந்தக் கடனுக்காகப் போயே கிழக்குப் பகுதியிலும் வரி போட்டார். 1826-ல் டூசேனின் பழைய முறையைத் தூசி தட்டியெடுத்து, உழைப்பாளிகளைத் தோட்டத்தில் கட்டிவைக்கும் சட்டமும் செய்தார். மேற்கே ஜனங்கள் அதை மதிக்கவில்லை. கிழக்கே இருந்தவர்களோ, தாங்கள் ஒருபோதும் பிரஞ்சுத் துரைகளிடம் வாங்காத கடனைத் தாங்கள் ஏன் கட்டவேண்டுமென்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. 1844 பிப்ரவரி 27-ந் தேதி அவர்கள் பிரிந்து டொமினிகன் குடியரசை ஸ்தாபித்தார்கள். தீவு இரண்டாயிற்று, அந்தக் கடன் மேற்கோடு நின்றது.

இங்கே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரு ஆட்சேபம் சொல்லக்கூடும். அதை மறைப்பது நேர்மையல்ல. 1960-ம் வருஷத்தில் இரண்டு தேசங்களின் தலைவீத வருமானமும் ஏறக்குறைய சமமாயிருந்தது. 1825-ன் கடன் காரணமென்றால், அதற்குப் பிந்திய நாற்பத்தைந்து வருஷத்தில் கிழக்கே மும்மடங்காகப் பெருகி, மேற்கே பாதியாகக் குறைந்ததேன்? ஆட்சேபத்தில் சத்தியம் இருக்கிறது. ஹெயிட்டியை 1957 முதல் 1986 வரை ஆண்ட டுவாலியேர் தந்தையும் மகனும் தேசத்தைக் கொள்ளையிட்டார்கள். கற்றவர்களை ஊரைவிட்டு ஓட்டினார்கள். கிழக்கே 1930 முதல் 1961 வரை ஆண்ட துருஹீயோவும் கொள்ளைக்காரனே. 1937-ல் எல்லைப் புறத்திலிருந்த ஹெயிட்டியரை ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்வித்த பாதகன். ஆனால் அவன் அடித்த கொள்ளை ஆலைகளாகவும் சாலைகளாகவும் ஊரிலேயே கிடந்தது. அவனுக்குப் பின் வந்த பலாகேர், மரம் வெட்டுவதைத் தடுத்து மரவாடிகளை மூடினார். மழையும் கிழக்கிலிருந்தே வருகிறது. நடுவேயுள்ள மலைகள் மேற்கின் பங்கைத் தடுத்துவிடுகின்றன.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று மிஞ்சுகிறது. 1960-ல் வருமானம் சமமாயிருந்ததே ஒழிய, கையிருப்பு சமமாயில்லை. கிழக்கே ஓர் ஆளுக்கு இருந்த நிலம் மேற்கே இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். காடு அழியாத மலையும் கிழக்கேதான். மேற்கே நூறு வருஷம் சர்க்கரைக்காகவும், மற்றொரு நூறு வருஷம் கடனுக்காகவும் பிழியப்பட்ட மண், துண்டு துண்டாகப் பங்கிடப்பட்டுக் கிடந்தது. ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குக் காணி இருக்கிறது, மற்றதற்கு இல்லை; அடுத்த பஞ்சத்தில் எது தெருவுக்கு வருமென்று கேட்கத் தேவையில்லை. கரும்புத் தோட்டத்தை அறியாதிருந்த கிழக்கு, 1870-களுக்குப் பின் அந்நிய மூலதனத்தால் சர்க்கரை நாடாயிற்று. அங்கே கரும்பு வெட்ட எல்லை தாண்டிப் போனவர்கள், கரும்பு வெட்ட மாட்டோமென்று ஆயுதம் எடுத்தவர்களின் கொள்ளுப்பேரன்மார்.

2003-ல் ஹெயிட்டி அதிபர் அரிஸ்தீட், கட்டின பணத்தை வட்டியுடன் திருப்பித் தரும்படி பிரான்சைக் கேட்டார். அடுத்த வருஷமே அவர் பதவியிழந்து நாடு கடந்தார். 2025 ஏப்ரலில், கடன் எழுதி வாங்கின இருநூறாவது வருஷம் நிறைந்த நாளில், பிரஞ்சு ஜனாதிபதி மாக்ரோன் இரு தேசத்துச் சரித்திர ஆசிரியர்களைக்கொண்ட ஒரு கமிட்டியை நியமிப்பதாக அறிவித்தார்.

டூசேனைப் புதைத்த இடம் எதுவென்று இப்போது அடையாளம் தெரியவில்லை. 1998-ல் பாரிஸ் பாந்தியோன் மண்டபத்தில் அவர் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். ஹெயிட்டியின் தலைநகரத்து விமான நிலையத்துக்கும் அவர் பெயரே. 2024 நவம்பரில் கொள்ளைக் கூட்டத்தார் அங்கே இறங்க வந்த அமெரிக்க விமானத்தின்மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். விமானம் இறங்காமல் எல்லையைத் தாண்டிப் போய், டொமினிகன் குடியரசில் இறங்கிற்று.